சீட்டுப்படி பேசிய வீரபத்திரன்

சீட்டைப் பிரித்துப் படித்ததும் வீரபத்திரன் அதைக் கீழே போட மாட்டார். இடது உள்ளங்கையில் விரித்து, வலது கட்டைவிரலால் ஓர் ஓரத்தை மடித்து, இரண்டு விரல்களுக்கிடையில் உருட்டத் தொடங்குவார். எப்போதும் வலப்பக்கமாகத்தான் உருட்டுவார். குழாயின் மரையில் சணல் சுற்றுகிறவர்கள் அப்படித்தான் சுற்றவேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுக்கும்போது சணல் பிரிந்து வந்துவிடும், தண்ணீர் கசியும். சீட்டு தீக்குச்சி கனத்துக்கு வந்ததும் வலது காது மடலில் செருகிக்கொள்வார். பேசி முடிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். முடித்ததும் எடுத்து, சைக்கிள் கடைக்காரர் சிட்டிபாபு செயின் கழுவுகிற மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிடுவார்.

வீரபத்திரன் நகராட்சியில் குழாய் ஃபிட்டர். செவிலிமேட்டில் வீடு. மனைவி கங்கையம்மாள், இரண்டு பையன்கள். எட்டாவது வரை படித்தவர், பேப்பரை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பவர். தெருக்குழாய் எதுவாவது சொட்டிக்கொண்டிருந்தால், அது தன் வார்டாக இல்லாவிட்டாலும் சைக்கிளை விட்டு இறங்கி அடைத்துவிட்டுத்தான் போவார். பிறந்த ஊர் தாமல். அவருடைய அப்பா அங்கே ஏரிப்பாசன நிலங்களில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். அந்த நிலங்களில் சில, எங்கள் மேசையில் அவருக்கு எதிரில் உட்கார்ந்த ராமலிங்கத்தின் குடும்பத்துக்குச் சொந்தமானவை. ராமலிங்கம் நிலத்தை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு வந்து பட்டுத்தறி போட்டவர். இருவரும் தாமலைப் பற்றி மேசையில் பேசி நான் கேட்டதில்லை.

மேசை என்று சொல்வது ஒரு கேபிள் உருளையை. அறுபத்து நாலில் கம்பி இழுக்க வந்த கான்ட்ராக்டர் விட்டுப்போன பெரிய மர உருளை அது. பிள்ளையார்பாளையத்தில் சிட்டிபாபுவின் வாடகை சைக்கிள் கடைக்குப் பின்புறம் படுக்கவைத்துக் கிடந்தது. அதைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து பேர் உட்காருவோம். வீரபத்திரன், ராமலிங்கம், கடைக்காரர் சிட்டிபாபு, தபால் ஆபீசில் வேலை பார்த்த வேணுகோபால், நான். நான் கலியாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் அச்சுக்கோர்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை வெட்டியபின் மிஞ்சும் மஞ்சள், ரோஸ் துண்டுத்தாள்களில் சீட்டு எழுதிக்கொண்டு போவது என் பொறுப்பு.

ஒவ்வொருவரும் பேச நினைக்கும் பொருளைத் தாளில் எழுதி, சைக்கிள் பால்ரஸ் குண்டுகள் வந்த ஒரு காலி டப்பாவில் போட்டுவைப்போம். ஒரு வாரத்துக்கு ஒன்று எடுப்போம். பொருள் கொடுத்தவர் அன்று பேசக்கூடாது. கேட்டுவிட்டுக் கடைசியில் தீர்ப்புச் சொல்லவேண்டும். மற்ற நான்கு பேரும் சீட்டு எடுப்போம். இரண்டில் 'வேண்டும்', இரண்டில் 'வேண்டாம்'. எது வருகிறதோ அதைப் பேசவேண்டும். சொந்த அபிப்பிராயம் என்று ஒன்று இருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. மேசையில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். 'ங்க' கிடையாது, 'டா' கிடையாது. எனக்கு மட்டும் அது கடைசிவரை வரவில்லை. பெயரே சொல்லாமல் பேசிச் சமாளித்தேன். வீரபத்திரனுக்கு வந்தது. தெருவில் பார்த்தால் ராமலிங்கத்தை எந்தப் பெயராலும் கூப்பிடாமல் லேசாகத் தலையாட்டிவிட்டுப் போகிறவர், உருளையின் முன்னால் உட்கார்ந்துவிட்டால், "ராமலிங்கம், நீ சொல்றது தப்பு" என்பார்.

ஆறு வருஷத்தில் என்னென்னவோ பேசியாகிவிட்டது. இந்தி, கிலோகிராம், குடும்பக் கட்டுப்பாடு, புது நெல் விதை, பாங்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கணக்குப்போடும் யந்திரம் வந்தால் குமாஸ்தாக்கள் எங்கே போவார்கள் என்பது வேணுகோபால் கொடுத்தது. சந்திரனில் ஆள் இறங்கிய வாரம், "அங்க தண்ணி லைன் போட யாரை அனுப்புவாங்க?" என்று சிட்டிபாபு கேட்டு அன்றைய பேச்சையே கெடுத்துவிட்டார். எதுகை மோனை இல்லாமல் எழுதுவது கவிதையா என்பது நான் கொடுத்தது. அன்று வீரபத்திரனுக்கு 'வேண்டாம்' வந்தது. "தண்ணி வரணும், அது போதும்னா, குழாய் எதுக்கு?" என்று தொடங்கிப் பத்து நிமிஷம் பேசினார். எதிராகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராமலிங்கத்துக்கு வந்துவிடும். வீரபத்திரன் எந்தப் பக்கம் பேசினாலும் ராமலிங்கத்தின் தீர்ப்பு மறுபக்கம்தான். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட மாறியதில்லை. "வீரபத்திரன் சூரியன் கிழக்கே உதிக்குதுன்னா, ராமலிங்கம் மாடிக்குப் போய்ப் பாத்துட்டுதான் வருவாரு" என்று வேணுகோபால் சொல்வார். ராமலிங்கமும் சிரிப்பார்.

எழுபதாம் வருஷம் மே மாதம் கடைசி ஞாயிறு, டப்பாவிலிருந்து வந்த தாளில் இருந்தது இது: 'எட்டாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டுமா?' எழுத்து ராமலிங்கத்தினுடையது. வீட்டு விஷயத்தை மேசைக்குக் கொண்டுவரக்கூடாது என்பதால் பொதுவாக எழுதியிருந்தார். ஆனால் அவர் மகள் ரேணுகாம்பாள் அந்த வருஷம் எட்டாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உயர்நிலைப் பள்ளியில் சேர ஜூன் பதினைந்து கடைசி நாள் என்பதும் தெரியும். மனுஷன் முடிவு செய்ய முடியாமல் எங்களைக் கேட்கிறார் என்று புரிந்தது.

நான்கு சீட்டுகளையும் டப்பா மூடியில் போட்டுச் சுற்றில் விட்டுவிட்டு நான் டீ சொல்லப் போனேன். திரும்பி வந்தபோது ராமலிங்கம் வெற்றிலைச் சாற்றைத் துப்ப வாசலுக்குப் போயிருந்தார். வேணுகோபால் முகத்துக்கு நேராகப் பேப்பரை விரித்திருந்தார். எனக்கு ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. வழக்கமாக நான்கு பேரும் ஒன்றாகத்தான் பிரிப்போம். வீரபத்திரனின் காதில் சீட்டு ஏற்கெனவே செருகியிருந்தது.

"அதுக்குள்ளயா?" என்றேன்.

"இன்னிக்கு அவசரம்பா" என்றார்.

எனக்கு வந்தது 'வேண்டும்'. என்னோடு அதே பக்கம் சிட்டிபாபு. 'வேண்டாம்' என்று பேச வேணுகோபாலும் வீரபத்திரனும்.

நான் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். சிட்டிபாபுவுக்கு எதையும் நேராகப் பேச வராது. "பொண்ணுங்க படிச்சா சைக்கிள் ஓட்டுவாங்க, சைக்கிள் ஓட்டினா என் கடைக்கு வருவாங்க, அதனால வேணும்" என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். வேணுகோபால் மூன்று நிமிஷம் பொறுப்பாகப் பேசினார். பிறகு வீரபத்திரன்.

"எட்டாவது வரைக்கும் போதும். பஸ் போர்டு படிக்கலாம், கடுதாசி எழுதலாம், மருந்து பாட்டில்ல இன்னா போட்டிருக்குதுன்னு பாக்கலாம். அதுக்கு மேல ஒம்பதாவதுல அல்ஜிப்ரா. எக்ஸை வச்சிக்கினு எந்தக் குழம்பு கூட்டறது? அப்புறம் பதினொண்ணாவது முடிச்சா, படிச்ச மாப்பிள்ளை வேணும். நம்ம தெருவுல பி.யூ.சி. படிச்சவன் எத்தினி பேரு? வெளியூர்ல தேடணும். அவன் மெட்ராஸ்ல இருக்கிறேம்பான், தறி தெரியாதும்பான். வீட்டுலயும் ஒரு கை கொறையுது. இன்னொண்ணு சொல்றேன் கேளு. வீட்டுக்கு முக்கா இஞ்ச் பைப்பு போதும். பெருமைக்கு ரெண்டு இஞ்ச் போட்டியானா பிரஷர் எறங்கிடும், மாடிக்குத் தண்ணி ஏறாது. எது எவ்ளோ வேணுமோ அவ்ளோதான்."

அந்த பைப்பு உதாரணத்தில் நாங்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டோம். நானும் ஆட்டினேன். வீரபத்திரன் மட்டும் யாரையும் பார்க்காமல் ராமலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமலிங்கம் டீ கிளாசைக் கீழே வைத்தார். பிறகு, "வீரபத்திரன் சொல்றதுதான் சரி" என்றார்.

வேணுகோபால் கைதட்டினார். "ஆறு வருசத்துல ஃபர்ஸ்ட் டைம்! ஏம்பா வீரபத்திரன், ஸ்வீட் வாங்கிக் குடு" என்றார். நானும் தட்டினேன். வீரபத்திரன் காதிலிருந்த சீட்டை எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போடவில்லை. மறுபடியும் உருட்டத் தொடங்கினார். தாள் நைந்து இரண்டாகப் போய்விட்டது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவர் பிரஸ்ஸுக்கு வந்தார். அதற்குமுன் வந்ததில்லை. காக்கிச் சட்டையெல்லாம் ஈரம்.

"விதி நோட்டு உன்கிட்டதானே இருக்குது?"

எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே ஒன்பதாவது விதியைப் படித்தார். தீர்ப்புச் சொன்ன பொருளை ஒரு வருஷத்துக்கு மீண்டும் எடுக்கக்கூடாது, எடுக்கிறவர் மேசையை விட்டு நீங்கவேண்டும் என்பது அது. அறுபத்தைந்தில் இந்தியைப் பற்றி ஆறு வாரம் தொடர்ந்து சண்டை போட்டு மேசையே உடையப் பார்த்தபோது எழுதியது. கையெழுத்து அவருடையது.

"காலையில ராமலிங்கம் தெருவுல லைன் அடைப்புன்னு போனேன்" என்றார். "உள்ள தறி ஓடிக்கினு இருந்திச்சு. ஒரு நாடா போற சத்தம் இல்ல, ரெண்டு. எட்டிப் பாத்தேன். பொண்ணு ஒக்காந்துக்கினு கோர்வை போடுது."

கரை வேறு நிறமாக இருக்கும் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் சேலையின் உடலுக்கு நாடாவை, அதாவது ஊடை நூல் வைத்த கட்டையை, எறிந்தால், பக்கத்தில் உட்கார்ந்த இன்னொருவர் கரைக்கு ஒரு நாடாவை எறிந்து கோர்க்கவேண்டும். ஒவ்வொரு இழைக்கும் எறியவேண்டும் என்பதால் அந்த ஆள் காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ராமலிங்கத்திடம் அந்த வேலை செய்துவந்த ஆள் சித்திரையில் நின்றுவிட்டான் என்பதை வீரபத்திரன் சொல்லித்தான் அறிந்தேன்.

"என்னப் பாத்து அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல. அதுக்கு எப்பிடித் தெரியும், நான்தான் சொன்னவன்னு" என்றார். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் ஏழாம் தேதி, ஞாயிறு. டப்பாவை நான் நகர்த்துவதற்குமுன் வீரபத்திரன் பேச ஆரம்பித்துவிட்டார்.

"போன வாரத்துப் பேச்சை எடுக்கப்போறேன்."

வேணுகோபால் நிமிர்ந்தார். "ஒம்பதாவது விதி இருக்குது, வீரபத்திரன். நீ எழுதினது."

"எழுதினவனுக்குத் தெரியாதா. எடுத்துட்டு எழுந்து போயிடறேன். பத்து நிமிசம் போதும்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் தன் பேச்சைத் தானே ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தார். காதில் சீட்டு இல்லாமல் அவர் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

"அல்ஜிப்ரா எந்தக் குழம்புக்குன்னேன். நானும் நீயும் கத்துக்கினதுல எது குழம்புக்கு ஆச்சு? படிச்ச மாப்பிள்ளைக்கு எங்க போறதுன்னேன். இன்னும் மூணு வருசத்துல எத்தினி பேர் படிச்சிருப்பான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? மருந்து பாட்டில் படிக்கத் தெரிஞ்சா போதும்னேன். அந்த மருந்தை எழுதிக் குடுக்கறவளா ஆவக்கூடாதா? ரெண்டு இஞ்ச் பைப்பு போட்டா பிரஷர் எறங்கும்னேன். அது வீட்டு லைன். மெயின் லைன்ல சின்ன பைப்பைப் போட்டுட்டு, பத்து வருசம் கழிச்சி பத்தலன்னு தெருவையே தோண்டிக்கினு இருக்கறோம். எத்தினி தெரு தோண்டியிருக்கேன். சின்னதா போடறதுக்கு முன்னால யோசிக்கணும் ராமலிங்கம். பொண்ணை ஸ்கூல்ல சேத்துடு. நான் பேசினது பொய்."

ராமலிங்கம் கோபப்படவில்லை.

"பொய்யா? சீட்டுல வந்ததைத்தானே பேசின? அது பொய்யின்னா ஆறு வருசமா நாம பேசினது அத்தினியும் பொய்யா?"

வீரபத்திரன் வாயைத் திறந்தார். சிட்டிபாபுவைப் பார்த்தார். சிட்டிபாபு கீழே குனிந்து, அவசரமில்லாத ஒரு ஸ்பானரைத் தேடினார். வீரபத்திரன் வாயை மூடிக்கொண்டார்.

"நீ எந்தப் பக்கம் பேசினாலும் நல்லா பேசற" என்றார் ராமலிங்கம். "எந்தப் பக்கத்துக்கும் ஒரு பைப்பு வச்சிருக்க. போன வாரம் கேட்டேன், சரின்னு பட்டுது. இன்னிக்கும் கேக்கறேன், சரின்னுதான் படுது. அப்ப நான் எதை நம்பறது? பொண்ணைத் தறியில ஒக்கார வச்சிட்டேன். வாரத்துக்கு ஒரு தரம் மாத்த முடியாது."

வீரபத்திரன் எழுந்தார். வேணுகோபால், "விதியை மன்னிச்சிடலாம்பா, ஒக்காரு" என்றார்.

"எழுதினவனுக்கே மன்னிப்புன்னா அது விதியில்ல."

சைக்கிளை எடுத்தார். கடை வாசலைத் தாண்டியதும் நின்று திரும்பி, "வரேங்க" என்றார். எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதுதான். ஆனால் அந்த 'ங்க' ராமலிங்கத்தின் முகத்தில் போய் விழுந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு ஜூன் பதினான்கு. டவுன் பஸ்ஸை இன்னும் நீட்டிவிடவேண்டுமா என்று ஏதோ பொருள். ராமலிங்கம் தன் பங்கைப் பேசிவிட்டு, பழக்கத்தில் எதிரே நிமிர்ந்து பார்த்தார். அங்கே சிட்டிபாபு கழற்றி வைத்த ஒரு சக்கரம் சாய்ந்திருந்தது.

"யாரைப் பாக்கற?" என்றார் சிட்டிபாபு. "எழுந்து போயாச்சு."

ராமலிங்கம் பஸ் பேச்சை விட்டுவிட்டார். "லோகாம்பாள் கேக்கறா" என்றார். லோகாம்பாள் அவர் மனைவி. "அஞ்சு பேர் ஒக்காந்து தீர்ப்பு சொன்னீங்களே, அதுல பொட்டப்புள்ள பெத்தவன் எத்தினி பேருன்னு. நான் ஒருத்தன்தான்னேன். அப்ப மத்தவனுக்கெல்லாம் இன்னா நஷ்டம்னு கேக்கறா."

வேணுகோபால் பேப்பரை மடித்து வைத்தார். ராமலிங்கம் தொடர்ந்தார்.

"அதை வச்சித்தான் யோசிச்சிக்கினு இருந்தேன். மத்தவனுக்கு நஷ்டமில்ல. வேணுகோபாலுக்கு இல்ல, உனக்கு இல்ல, இந்தத் தம்பிக்கு இல்ல. வீரபத்திரனுக்கு மட்டும் இருக்குது. என்னை ராமலிங்கம்னு கூப்பிட அவனுக்கு இந்த ஒரு எடம்தான். அதை விட்டுட்டுப் போயிருக்கான். சீட்டுல வந்ததைப் பேசறவன் இவ்ளோ தூரம் போவ மாட்டான்."

"அப்ப?" என்றார் வேணுகோபால்.

"நாளைக்குக் கடைசி நாள்" என்றார் ராமலிங்கம்.

மறுநாள் பத்து மணிக்கு பிரஸ் வாசலைத் தாண்டி இரண்டு பேரும் போனார்கள். ராமலிங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ரேணுகாம்பாள் சான்றிதழ்களை மஞ்சள் பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு, அவருக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். கோர்வைக்கு அந்த வாரமே பழனி என்று ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் வேகம் போதாதென்று ராமலிங்கம் நெடுநாள் சலித்துக்கொண்டார்.

அந்த வார வியாழக்கிழமை வீரபத்திரன் அந்தத் தெருவில் வால்வு திறக்கப் போயிருக்கிறார். ராமலிங்கம் வாசலுக்கு வந்து, "பொண்ணைச் சேத்தாச்சு" என்று சொல்லியிருக்கிறார். "நல்லதுங்க" என்றாராம் இவர். "இன்னா 'ங்க'? பேரைச் சொல்லு" என்றாராம் அவர். தெருவில் நாலு பேர் குடத்தோடு நின்றிருக்கிறார்கள். வீரபத்திரன் வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, ராமலிங்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வால்வுக்குப் போனாராம். இது ராமலிங்கம் எங்களிடம் சொன்னது.

மேசைக்கு மட்டும் அவர் திரும்பி வரவில்லை. ஒரு வருஷம் கழித்து நாங்கள் கூப்பிட்டோம். விதியில் நீங்கவேண்டும் என்றுதான் இருக்கிறது, திரும்பி வரலாம் என்று இல்லை என்றார். வாராவாரம் ராமலிங்கத்தோடு வாசலில் நின்று தண்ணீரையும் தேர்தலையும் பற்றிச் சண்டை போடுவார். அதில் சீட்டு இல்லாததால் யார் எதை நம்பிப் பேசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ரேணுகாம்பாள் பதினொன்றாவது முடித்து டீச்சர் டிரெயினிங் போனாள்.

எழுபத்தாறில் சிட்டிபாபு கடையைக் காலிசெய்துகொண்டு சித்தூர்ப் பக்கம் மகன் வீட்டுக்குப் புறப்பட்டார். சாமான் ஏற்ற நான் கூடப் போயிருந்தேன். பால்ரஸ் டப்பா அகப்பட்டது. உள்ளே பழைய மஞ்சள் சீட்டுகள் சில இருந்தன. அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உன்கிட்ட சொன்னா தப்பில்ல. ராமலிங்கத்துக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். அந்தப் பொண்ணு படிப்பு விசயம் பேசினமே, அன்னிக்கு 'வேண்டாம்' சீட்டு வந்தது எனக்கு. 'வேண்டும்' வந்தது வீரபத்திரனுக்கு. நீ டீ சொல்லப் போனப்ப என் கையில இருந்ததைப் புடுங்கிக்கினு தன்னோடதைக் குடுத்தான். ஏன்னேன். 'நான் வேணும்னு பேசினா ராமலிங்கம் வேணாம்பான். வேணாம்னு பேசறேன், பொண்ணு தப்பிச்சிக்கும்'னான்."

அன்று அந்த 'வேண்டும்' சீட்டு வீரபத்திரன் கையிலேயே இருந்திருந்தால், அவர் பேசியிருக்கவேண்டியது என் பக்கம்.